நிலத்துல கோளாறு

ஹல்துமுல்லை,
புதன்கிழமை.

குவைத்தில் இருக்கும் என் மகள் நிஷாந்தினிக்கு, அப்பா கந்தப்பன் தன் கையாலேயே எழுதுவது. நான் சுகம். கோழிகளும் சுகம். உன் சுகத்துக்கு முருகனை வேண்டிக்கொள்கிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

நீ கூரையில் போட்டுக் கொடுத்த சோலார் வெயிலில் நன்றாக வேலை செய்கிறது. மழை பிடித்தால் மட்டும் சுவரில் இருக்கும் இன்வெர்ட்டர் பெட்டியில் சிவப்பு லைட் வந்து நின்றுவிடுகிறது. அது எனக்குத் தெரியுமுன் உன் போனுக்குத் தெரிந்துவிடுகிறது. போன வாரம் அடைமழையில், "அப்பா, நிலத்துல கோளாறுன்னு காட்டுது, தள்ளிப் போயிருங்க" என்று எழுதி அனுப்பினாய் அல்லவா, நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், நிலம் என்றால் நம்ம பக்கம் வேறென்ன, மலை சரியப்போகுதுன்னு லயம் முழுக்க வீடு வீடாகக் கதவைத் தட்டினேன், எல்லாரும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போற மாதிரி வரிசையா பள்ளிக்கூடத்துக்குப் போனோம், பக்கத்து வீட்டு இராக்கம்மா டீவியைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தாள். கிராம சேவகர் "யாரு சொன்னது?" என்றார். "குவைத்துல இருந்து மக சொல்லிச்சு" என்றேன். அங்கேயே சோறாக்கி எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். பக்கத்தில் ஆள் இருந்தால் எனக்கு இரண்டு தட்டுச் சோறு இறங்குகிறது.

அப்புறம் நீ போனில் பேசி, "பெட்டிய விட்டுத் தள்ளிப் போகச் சொன்னேம்ப்பா" என்று சிரித்தாய். வெகுநாளைக்குப் பிறகு உன் சிரிப்பைக் கேட்டேன். இராக்கம்மாதான், "நாலு எழுத்து படிச்சதும் மலையையே நகத்திட்டீங்களே அண்ணே" என்று டீவியைத் திரும்பத் தூக்கினாள்.

சோலார் பார்க்கும் ஜெஸீம் தம்பி பதுளையிலிருந்து வெயில் நேரத்தில் வந்து, ஒன்றுமில்லை என்று போய்விடுவார். நேற்று மழையிலேயே வரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு வந்தார். மெயினை அடைத்து, தகடுகளை வரிசை வரிசையாகக் கழற்றி மீட்டர் வைத்தார். கடைசி வரிசையில் வயர் தோல், இரும்புப் பிடியில் உரசி உரிந்திருந்தது. "ஐயா, மழையில நனைஞ்சா கரண்ட் இதால கூரைத் தகரத்துக்கு வந்து நிலத்துல இறங்குது. காஞ்சா ஒண்ணும் தெரியாது. நிலம்னு காட்டினது இதைத்தான்" என்றார். இன்றைக்குப் புது வயர் மாட்டிவிடுவார். இனி உனக்கு வேலை நேரத்தில் தொந்தரவு இல்லை. முன்னே சிவப்பு லைட் வந்தால் போனில் பேசுவாய், எனக்கு எழுத்து தெரிந்தபிறகு நீ பேசாமல் எழுதியே அனுப்புகிறாய். அதுவும் வசதிதான். எனக்கு ஒரு குறையும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. உன் தலையில் என் கை இருப்பதாக நினைத்துக்கொள்.

அன்பு அப்பா,
கந்தப்பன்

பின்குறிப்பு: ஜெஸீம் தம்பி வயரோடு வந்தார். மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏன் ஐயா?" என்றார். "மழை பெஞ்சா லைட் வரும், லைட் வந்தா மக எழுதும், நான் தப்பாப் படிச்சா பேசும்" என்றேன். வயரைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "வெயில் காலத்துல என்ன செய்வீங்க?" என்றார்.

வாளி இருக்கு தம்பி என்றேன்.