பாலத்துக்கு வந்த மரம்

இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஊர்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இருப்பவர்கள் வந்து கேட்பார்கள், கத்துவார்கள், கையைப் பிடித்து இழுப்பார்கள். வேறு வழியில்லாமல் கவனித்துத்தான் ஆகவேண்டும். வாய் திறந்து எதையும் கேட்காத இறந்தவர்களைக் கவனிப்பதற்குத் தனி மனசு வேண்டும். அந்த மனசு ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு வாய்த்திருந்தது. ஊருக்கு என்பதைவிட, செயலாளருக்கு என்றால் இன்னும் சரியாக இருக்கும்.

செயலாளர் என்றால் 'மறைந்தோர் நினைவு மன்ற'த்தின் செயலாளர். விதைக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் மூட்டைகளின் மேல் 'உயர் ரகம்' என்று சீட்டு ஒட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவரிடம் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. பொதுப்பணியின் நெருக்கடியில் கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு நேரம் அமையவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்த அக்காதான் தினமும் மத்தியானம் டிபன் கேரியரோடு நடைபாலம் தாண்டி வந்து, மன்றத்து மேசையில் அதை 'டங்' என்று வைத்துவிட்டுப் போவாள்.

மன்றத்தில் ஒருவருடைய நினைவுக் கூட்டம் நடந்தால் ஊரே கூடும். செயலாளர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தால், இறந்தவர் அப்போதுதான் பிறந்ததுபோல் இருக்கும். எடைக்கல்லைக் குறைத்தே காலத்தை ஓட்டிய அரிசிக் கடைக்காரர் 'அள்ளிக் கொடுத்த வள்ளல்' ஆனார். பக்கத்து வீட்டோடு வேலித் தகராறில் ஆயுளைக் கழித்தவர் 'எல்லைகளைக் கடந்த மனிதர்' ஆனார். குடித்தே வீட்டைக் காலி செய்த ஒருவரை 'ஒழுக்கத்தின் உறைவிடம்' என்று அவர் உருகியபோது, முன்வரிசையில் இருந்த அந்த மனிதரின் மனைவி, தன் வீட்டுக்காரருடைய கூட்டம் வேறு அறையில் நடக்கிறதோ என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மன்றத்துக்கு விதிகள் உண்டு. அவற்றில் தலையாயது மூன்றாம் விதி: 'மறைந்தவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதே பேசப்படும், எவ்வாறு மறைந்தார் என்பது எக்காரணம் கொண்டும் பேசப்படாது.' எவ்வளவு நாகரிகமான விதி! வயதாகிப் படுக்கையில் போனவர்களுக்கு இதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நடைபாலத்திலிருந்து விழுந்தவர்களுக்குத்தான் இந்த விதி ரொம்பவும் பொருந்தி வந்தது.

நடைபாலம் என்பது ஆற்றின் மேல் ஓர் இரும்புச் சட்டம். அதன்மேல் குறுக்கே வரிசையாகப் பலகைகள். பலகைகள் ஒவ்வொன்றாக உளுத்து விழுந்துகொண்டிருந்தன. இருந்த பலகையிலிருந்து அடுத்த பலகைக்குத் தாவத் தெரிந்தவர்கள் அக்கரை போனார்கள். தாவிப் பழகாதவர்கள் நினைவு மன்றத்துக்குப் போனார்கள். பால்காரர் அப்படித்தான் போனார். அவருக்குப் பிறகு மளிகைக் கடைக்காரரின் மாமியார் போனார்.

இதைப் பற்றி ஒரே ஓர் ஆள்தான் ஓயாமல் பேசினார். பம்பு மெக்கானிக். ஊரில் அவருக்கு 'இரைச்சல்' என்று பெயர். ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று பேசிப் பழகியதால், சாதாரணமாக நலம் விசாரித்தாலே எதிரில் இருப்பவர் இரண்டடி பின்வாங்குவார். ஒவ்வொரு நினைவுக் கூட்டத்திலும் சரியாகச் செயலாளர் கண்கலங்கும் இடத்தில் கடைசி வரிசையிலிருந்து குரல் வரும்.

"இன்னும் ஒரு பலகை போச்சுங்க! இதுக்கு ஏதாவது பண்ணுங்க!"

"இது நினைவு மன்றம். பாலம் நம்ம வரம்புக்குள்ள வராது," என்பார் செயலாளர்.

"பாலத்துல போறவங்க வர்றாங்கல்ல!"

இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு எந்த மன்றம் நிம்மதியாகத் துக்கம் அனுசரிக்க முடியும்?

இரைச்சல் மேலிடத்துக்கும் போய்க் கத்தினார் போலிருக்கிறது. ஒரு நாள் லாரி நிறைய மரப்பலகை வந்து, ஊரில் இருந்த ஒரே பொதுக் கட்டடமான மன்றத்தின் வாசலில் இறங்கியது. பாலத்துக்கென்றே அளவாக அறுத்து, இரண்டு முனைகளிலும் போல்ட் போட ஓட்டை வைத்த பலகைகள். மன்றம் அவசரமாகக் கூடியது. தலைவர் மாவு மில் வைத்திருந்தவர். ஒரு பலகையைத் தடவிப் பார்த்தார்.

"மரம் நல்ல மரமா இருக்கே."

"வைரம் பாஞ்ச மரம்," என்றார் தச்சர். அவர் அக்காவின் கணவர், செயலாளருக்கு அத்தான்.

"இதையா கால்ல போட்டு மிதிக்கிறது?"

சபை கலங்கிவிட்டது. அதுவரை இறந்தவர்களின் பெயரை அட்டையில் எழுதித்தான் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அட்டை சுருண்டு, வள்ளலும் உறைவிடமும் தலைகீழாகத் தொங்கின.

"பாலத்தை எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம்," என்றார் செயலாளர், கண்ணாடியைத் துடைத்தபடி. "இறந்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"அவங்கள்ல பாதிப் பேரு பாலத்துல விழுந்துதானே, மாப்ளே..."

"மூன்றாம் விதி, அத்தான்!"

தச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த மரம் நினைவுப் பலகைகளாயிற்று. "முனையில ஓட்டை இருக்கே மாப்ளே, அசிங்கமா?" என்று தச்சர் கேட்டதற்கு, மரத்தூளும் பசையும் குழைத்த மக்கு வைத்து அடைத்து அதன்மேல் ஒரு பூ வரைந்துவிடலாம் என்று செயலாளர் வழி சொன்னார். அவருடைய அழகுணர்ச்சி அப்படிப்பட்டது. இறந்தவர்கள் எல்லோரும் பூவும் பொன்னெழுத்துமாகச் சுவரில் ஏறினார்கள். மிச்சமிருந்த பலகைகள் மேடைக்கு அடியில் பத்திரமாக அடுக்கி வைக்கப்பட்டன. அவை யாருக்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

மேடைக்கு அடியிலிருந்து எடுத்த முதல் பலகை இரைச்சலுக்குப் போயிற்று. ஒரு காலை நேரத்தில் பம்பைத் தோளில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டியபோது, அவர் கால் வைத்த பலகை அவரோடேயே கீழே போய்விட்டது. அவ்வளவு பெரிய குரல்காரர், விழும்போது ஒரு சத்தம்கூடப் போடவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

செயலாளர் உள்ளபடியே வருந்தினார். வருந்திய கையோடு குணநலன்களைச் சேகரிக்க அவர் வீட்டுக்குப் போனார். இரைச்சலின் மனைவி தையல்காரி. மெஷினில் உட்கார்ந்திருந்தாள், ஊசியில் நூல் இல்லை, கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது.

"அவரைப் பத்தி நாலு வார்த்தை சொல்லும்மா."

"கத்துவாரு."

'உரத்த சிந்தனையாளர்' என்று செயலாளர் மனசுக்குள் குறித்துக்கொண்டார். "வேற?"

"பாலத்தைச் சரி பண்ணுங்கன்னு உங்ககிட்டதான் கத்தினாரு."

"அது மறைவு சம்பந்தப்பட்டதும்மா. மன்றத்துல பேசக்கூடாது."

"அவரு விழறதுக்கு முந்தின நாள் வரைக்கும் அது வாழ்க்கை சம்பந்தப்பட்டதுதானே சார்? அப்பவும் பேச விடலையே?" அவள் மிதிப்பதை நிறுத்தினாள். "என் மக அக்கரையில கோழிப் பண்ணைக்கு வேலைக்குப் போறா. இன்னிக்கும் அந்தப் பாலத்துலதான் போயிருக்கா. அவ வீடு திரும்பற வரைக்கும் எனக்குத் தையல் ஓடமாட்டேங்குது."

'குடும்பத்தின் மேல் தீராப் பற்று' என்று குறித்துக்கொண்டு செயலாளர் எழுந்துகொண்டார்.

நினைவுக் கூட்டத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. செயலாளர் தன்னை விஞ்சினார். "அமைதியே உருவானவர்! அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்! யாரிடமும் எதையும் கேட்டுத் தொல்லை செய்யாத உத்தமர்!" கடைசி வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு செயலாளர் கண்ணைத் துடைத்தார். தலைவர் பலகையை எடுத்துத் தையல்காரியின் கையில் கொடுத்தார். இறந்தவரின் குடும்பமே பலகையைச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது மன்றத்து வழக்கம்.

அவள் பலகையில் எழுதியிருந்ததைப் பொறுமையாக வாசித்தாள்.

"நீங்க சொல்ற ஆளு யாருன்னு எனக்குத் தெரியலைங்க. ரொம்ப நல்ல மனுஷன் போல இருக்கு. ஆனா செத்தது என் வீட்டுக்காரர். அவரு கத்துவாரு. கத்தினதாலதான் இந்த மரமே இந்த ஊருக்கு வந்துச்சு."

பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"சுவர் இந்தப் பக்கம்மா!" என்றார் தலைவர்.

அவள் திரும்பவில்லை. கூட்டமும் அவள் பின்னாலேயே போயிற்று. கூட்டமில்லாத மேடையில் நிற்கப் பழகாத செயலாளரும் போனார். பாலத்தின் நடுவே, இரைச்சல் விழுந்த இடத்தில், இளசுகள் மட்டும் தாவக்கூடிய பெரிய இடைவெளி. அந்தப் பக்கம் டிபன் கேரியரோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"டேய், எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்! உங்க கைதட்டல்ல எவனுக்காவது காது கேக்குதா?"

தையல்காரி முந்தானையில் முடிந்திருந்த தன் வீட்டுக்காரருடைய ஸ்பேனரை எடுத்தாள். தச்சர் யாரையும் பார்க்காமல் குனிந்து, பூவுக்கு அடியிலிருந்த மக்கைக் குத்தி எடுத்தார். பலகை சட்டத்தில் அப்படியே போய் உட்கார்ந்தது. அதற்காகவே அறுத்த மரம், வேறெங்கே உட்காரும்?

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று பலகையிடம் சொல்லிவிட்டு அதன்மேல் கால் வைத்தாள். ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"நல்லாத் தாங்கறாருடா," என்றாள் தம்பியிடம்.

செயலாளர் எத்தனையோ அடைமொழி எழுதியவர். இது அவருக்குத் தோன்றியதே இல்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. தையல்காரி அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் பால்காரரின் மகன் வந்து தன் அப்பாவைச் சுவரிலிருந்து இறக்கிக்கொண்டு போனான். அடுத்து மளிகைக் கடைக் குடும்பம் வந்தது. மாமியாரை மருமகனே சுமந்தார். பிறகு யாரும் அனுமதி கேட்கவில்லை. வள்ளல், உறைவிடம், எல்லைகளைக் கடந்தவர் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் பாலத்துக்குக் குடிபோனார்கள். மேடைக்கு அடியில் மிச்சமிருந்த பலகைகளும் போயின. கோழிப் பண்ணைப் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். தையல்காரி வீட்டில் மெஷின் சத்தம் ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தது.

மன்றத்துக்குத்தான் கெட்ட காலம். சுவரில் வெறும் ஆணிகள். அது போகட்டும் என்றால், ஊரில் யாரும் சாகவும் இல்லை. செயலாளர் காலையில் எழுந்து கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். மாசக்கணக்கில் படுக்கையில் இருந்து நம்பிக்கையூட்டிய ஒரு பெரியவர்கூட எழுந்து பாலத்தில் உலாவப் போய்விட்டார். சொல்ல வேண்டிய அருமையான வாக்கியங்கள் செயலாளரின் நெஞ்சுக்குள்ளேயே தேங்கிக் கிடந்தன. கடைசியில் மன்றத்தின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

தீர்மானத்தை அவரே வாசித்தார்: "நம் முன்னோர் அன்றாடம் மிதிபடுவது கண்டு இம்மன்றம் ஆழ்ந்த வேதனை அடைகிறது. மேலும், நினைவுகூரத்தக்கவர்கள் கிடைக்காமல் மன்றம் நலிவுற்று வருவதையும் கருத்தில் கொண்டு, பாலத்தில் உள்ள நினைவுப் பலகைகள் அனைத்தையும் உடனே கழற்றி மீண்டும் சுவரில் மாட்டுவதென ஒருமனதாகத் தீர்மானிக்கிறது."

"அப்ப பாலம்?" என்றார் தச்சர்.

"மேலிடத்துக்குச் சொல்லி மரம் வரவழைப்போம்," என்றார் தலைவர். "வந்தா பாத்துக்கலாம்."

எல்லோரும் கை தூக்கினார்கள். எல்லோருக்கும் வீடு இக்கரையில். அக்கரைக்காரரான தச்சர் மட்டும் கையைத் தூக்கவில்லை. அவர் பலகை செய்பவர்தானே, உறுப்பினர் இல்லையே.

அப்போது தையல்காரி உள்ளே வந்தாள். ஸ்பேனரைத் தலைவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"கழட்டிக்கங்க. இதாலதான் முடுக்கினேன், இதாலதான் கழட்டணும். கழட்டறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அடுத்த பலகை யாரு பேருக்குன்னு இப்பவே தீர்மானம் போட்டுடுங்க. போன தடவை மேடைக்கு அடியில அடுக்கினப்ப, யாருக்குன்னு கேக்காம விட்டுட்டோம்."

தலைவர் ஸ்பேனரைப் பார்த்தார். உறுப்பினர்கள் தலைவரைப் பார்த்தார்கள். இறந்தவர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய அந்தச் சபையில், உயிரோடு இருக்கிற ஓர் ஆளின் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மேசையில் 'டங்' என்று சத்தம் கேட்டது. செயலாளர் நிமிர்ந்தார். டிபன் கேரியர். பின்னால் அக்கா.

"இதுக்கு என்னடா இவ்வளவு யோசனை? என் பேரையே போட்டுக்கோ. தினமும் போக வர நான்தானே நடக்கறேன்."

"அக்கா..."

"ஆனா வள்ளல், உத்தமின்னு எதுவும் எழுதாதே. தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோறப்ப ஆத்துல விழுந்து செத்தாள்னு மட்டும் எழுது."

அப்படி எழுத மூன்றாம் விதியில் இடமில்லை. செயலாளருக்கு அது நன்றாகத் தெரியும். அந்த விதியை எழுதியவரே அவர்தான்.