கோது அண்ணையின் மலிவு ரவைகள்

காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லியே கையிலிருந்த காசையெல்லாம் முடித்த மனிதர் ரொறன்ரோ முழுவதற்கும் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கோது அண்ணை.

தொண்ணூறுகளில் வெக்ஸ்போர்ட்டில் அவர் வீட்டு பேஸ்மென்றில் நான் வாடகைக்கு இருந்தேன். என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மேசை. அண்ணை எங்களுக்கெல்லாம் முன்னமே கனடா வந்து, பக்டரியில் இரும்பு கடைந்தவர். கூட வேலை செய்த வெள்ளைக்காரரோடு சேர்ந்து துவக்கு லைசென்ஸ் எடுத்து, கிளப்பில் கடுதாசி வட்டத்துக்குச் சுடப் பழகினார். நாங்கள் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்த சனம். இந்த மனிதர் காசு கொடுத்துக் கைத்துவக்கு வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். தெருவில் பாதிப் பேர் அவரை இயக்கம் என்றார்கள், மீதிப் பேர் ஆமியின் ஆள் என்றார்கள். "எனக்குப் பேப்பரோடதான் பகை" என்பார் அவர்.

சிக்கல் அந்தத் துவக்குக்குப் போடும் குண்டில், அதுதான் ரவையில், இருந்தது. மற்றவர்களுடையதைப் போல நேரான குழாய் இல்லை அது. போத்தல் மாதிரிக் கீழே பருத்துக் கழுத்தில் ஒடுங்கியிருக்கும். கடையில் யானை விலை. அதனால் சுட்டு முடிந்த வெறுங்கோதுகளைப் பொறுக்கி வந்து, வெடிமருந்தும் ஈயச் சன்னமும் புதிதாக இட்டு வீட்டிலேயே ரவை செய்தார். கிளப்பில் மற்றவர்கள் குறி பார்த்து நிற்க, இவர் பனிக்குள் குனிந்து கோது தேடுவாராம். அவர் மனைவி மகேஸ் உடுப்புத் தோய்க்கும்போது மெசினுக்குள் சட்டைப்பைக் கோதுகள் கலகலவென்று சத்தம் போடும்.

"பாதி விலைக்கும் கீழ, தங்கச்சி. கடைக்காரன் எங்களைப் பேயனாக்கிறான்" என்பார் அண்ணை என்னிடம்.

இடியப்ப உரல் மாதிரி அமுக்கும் மெசின், தராசு, கழுத்தை அளக்க ஒரு கருவி, வெட்ட ஒரு கருவி என்று வாங்கிக்கொண்டே இருந்தார். அதெல்லாம் அவர் கணக்கில் வராது. "அது போட்ட முதல்" என்பார்.

ஒரு பனிக்காலத்தில் பக்டரியைப் பூட்டி அண்ணையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகேஸ் நேரே சொல்லிவிட்டாள்.

"உது லாபமெண்டால் வைச்சிருங்கோ. இல்லையெண்டால் துவக்கு, மெசின் எல்லாத்தையும் வித்துப்போடுங்கோ."

புருசனின் கணக்கை அவள் நம்பவில்லை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் சந்தையில் என்னை ஏமாற்றியவன் கிடையாது. அது அவளுக்குத் தெரியும். "அக்கா, ஒரு காலமை இருந்து பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் சரி" என்றாள்.

தேத்தண்ணியோடு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"நேர்க் கோதெண்டால் பேசாமல் அமத்திப்போட்டுப் போகலாம்" என்றார் அண்ணை. "இது கலியாணப் பொம்பிளையை உடுத்தி வெளிக்கிடுத்திற மாதிரி."

எண்ணெய் பூசினார், அமுக்கினார், துடைத்தார், கழுத்தை அளந்தார், வெட்டினார், திரும்பவும் அளந்தார். எண்ணெய் குறைந்த ஒன்று மெசினுக்குள் இறுகிவிட்டது. அதை இழுத்து எடுப்பதற்குள் என் தேத்தண்ணி ஆறிவிட்டது. எண்ணெய் கூடிய ஒன்று கழுத்துக்குக் கீழே தோளில் நெளிந்தது. இன்னொன்றுக்குக் கழுத்தே வெடித்தது.

"உதுவும் கணக்கில வராதோ அண்ணை?"

"அது பழக்கச் செலவு."

மத்தியானம் ஆகியும் ஒரு சிரட்டை நிறையவில்லை. அந்த நேரத்துக்கு டோனட் கடையில் நின்று உழைத்திருந்தால் கடை ரவையையே பெட்டி பெட்டியாக வாங்கியிருக்கலாம்.

ஆனால் வேலை போனதிலிருந்து தாடியோடு சோபாவில் கிடந்த மனிதர், அன்று முகம் மழித்து, பக்டரிச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு ரவையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலே மகேஸின் காலடி கேட்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தார்.

நான் மேலே போனேன். அவரும் பின்னால் வந்து, படியிலேயே நின்றுகொண்டார்.

"என்னக்கா, லாபமோ?" என்றாள் மகேஸ்.

"ஒரு சதத்துக்கும் லாபமில்லை" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"நான் சொன்னனான்தானே."

"பொறு மகேஸ். இந்த மனுசன் நாள் முழுக்கச் சோபாவில கிடந்தால் உனக்கு என்ன நட்டமெண்டு பாத்தனியோ? இண்டைக்குச் சேவ் எடுத்திருக்கு. போய்ப் பார்."

மகேஸ் படிவாசலுக்குப் போய் நின்று பார்த்தாள்.

"சேட்டுத் தெறியை மாறிப் பூட்டியிருக்கிறியள்" என்று சொல்லி, பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் பூட்டிவிட்டாள். விற்கிற கதையை அதன் பிறகு எடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மேலே போனபோது மகேஸ் பழப்புளி கரைத்துக் குத்துவிளக்கை மினுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சட்டி நிறையக் கோது.

"எல்லாம் பித்தளைதானே அக்கா. ஒரே கையாய்த் தேய்ச்சுவிடுறன்."

விளக்கைவிடக் கோதுகள்தான் கூட மினுங்கின.