சோஃபியாவிலிருந்து வியன்னாவுக்கு ஐந்து மணி நேரம்

என் மாமியார் விமானம் ஏறக்கூடாது. இந்த ஆண்டு நான் எடுத்த ஒரே தீர்மானம் இதுதான்.

காரணம் தூக்கம். வியன்னாவில் ரொட்டி சுடுகிறவன் நான். ஊர் உறங்கும்போது மாவு பிசைந்து, ஊர் எழும்போது படுக்கிறேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஒரே ஒரு சின்ன அறை. பல்கேரியாவின் சோஃபியாவிலிருந்து மாமியார் ஸ்தோயங்கா அம்மா வந்தால் அந்த அறை அவருக்கு. எனக்குச் சமையலறை நாற்காலி. பக்கத்திலேயே அவர் பகல் முழுக்க மிளகாய் சுடுவார். ரேடியோவோடு சேர்ந்து பாடுவார். வெயிலில் தூங்கப் பழகிவிட்டேன். அந்தக் குரலில் தூங்க இன்னொரு பிறவி வேண்டும்.

நாலு நாள் வந்து போகச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டிருந்தாள் என் மனைவி ராலிட்சா. அம்மா அதுவரை பறந்ததில்லை. பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டபோது போன் என் கைக்கு வந்தது.

“மாப்பிள்ளை, பறக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

ஆவது ஒன்றரை மணி நேரம். ராலிட்சா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அஞ்சு மணி நேரம், அம்மா.”

“அஞ்சா! பஸ்ஸுல செர்பியா, ஹங்கேரி தாண்டினா வந்துடுமே?”

“பஸ் தரையில ஓடுது. இது மேலே ஏறணும், இறங்கணும். நடுவுல மலை வேற. சுத்தித்தான் வரணும்.”

“அப்ப மூவாயிரம் கிலோமீட்டர் இருக்குமா?”

இருப்பது எண்ணூறு.

“அதுக்குக் குறையாது.”

மறுமுனையில் பெருமூச்சு. என் முதுகுக்குப் பின்னால் இஸ்திரிப்பெட்டி நின்றது. ராலிட்சா கத்தினால் பிழைத்துக்கொள்வேன். கத்தவில்லை. போனை வாங்கி, “லூபென் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா” என்றாள்.

ஒரு வாரம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சூப்பில் உப்புகூடச் சரியாக இருந்தது. அதுதான் இன்னும் பயம். அறை எனக்கே இருந்தது, கட்டிலும் இருந்தது, தூக்கத்தைத்தான் காணவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி மணி அடித்தது. ராலிட்சா ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேசைமேல் வைத்தாள்.

“மாப்பிள்ளை, பயத்தை விட்டாச்சு. வர்றேன்!”

“அஞ்சு மணி நேரம், அம்மா...”

“அதைத்தான் யோசிச்சேன். அவ்வளவு தூரம் வந்துட்டு நாலே நாள்ல திரும்பினா ஊர்ல சிரிக்க மாட்டாங்களா? புது வருஷம் வரைக்கும் இருக்கேன். பூனையைப் பக்கத்து வீட்டுல குடுத்தாச்சு.”

அப்போது அக்டோபர்தான் பிறந்திருந்தது.

“அம்மா, அது... அப்படியொண்ணும் ரொம்பத் தூரம் இல்ல...”

“என்னது? அப்ப போன வாரம் சொன்னது?”

ராலிட்சா தலை நிமிர்ந்தாள். கையில் இஸ்திரிப்பெட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

“சொல்லு லூபென். அம்மா கேக்குறாங்கல்ல? பொய்யா சொன்னே?”

போன் காத்திருந்தது. இஸ்திரிப்பெட்டியும் காத்திருந்தது.

“சேச்சே, இல்லம்மா. அஞ்சு மணி நேரமேதான்.”

ராலிட்சா என் தலையணை உறையை மடித்து, சமையலறை நாற்காலிமேல் வைத்துவிட்டு போன் பக்கம் குனிந்தாள்.

“எதிர்க்காத்து அடிச்சா ஏழுகூட ஆகுமாம், அம்மா. பேசாம ஈஸ்டர் முடிச்சுட்டே போ.”