இருநூற்றுப் பதினான்காவது பொருள்

பெற்ற தகப்பனை ஒரே ஒரு பட்டனைத் தட்டி ஊருக்கு அனுப்பப் பார்த்தவள் நான். கோபத்தில் இல்லை. பட்டியல் அழகாக இருக்க வேண்டுமே என்ற ஆசையில்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நாங்கள் வளைகுடாவில், ருவைஸில் இருந்தோம்; தம்பி மட்டும் ஊரில் படித்துக்கொண்டிருந்தான். அப்பா அந்தோணி, குடியிருப்பு நீச்சல்குளத்தின் உயிர்காப்பாளர். கன்னியாகுமரிக் கடலில் வள்ளம் ஓட்டியவருக்கு நாலடித் தண்ணீரைக் காவல் காக்கும் வேலை. அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். நானோ எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், கல்லூரியும் முடித்தவள். குடியிருப்பு நிர்வாக அலுவலகத்தில் கிளார்க். அந்த வயதில் நான் தெருவில் போனால், என் பட்டம் இரண்டடி முன்னால் போகும்.

நூலகம், நீச்சல்குளம், கலையரங்கம் மூன்றையும் இனி நாங்கள் நடத்தப்போவதில்லை என்று நிர்வாகம் ஒரு நாள் முடிவு செய்தது. குடியிருப்பவர்களே சேர்ந்து அமைத்த, லாப நோக்கமில்லாத ஓர் அறக்கட்டளைக்கு எல்லாம் கைமாறும். பொருட்களுக்கு ஒரு பட்டியல், ஆட்களுக்கு ஒரு பட்டியல். ஆட்கள் பட்டியலில் பெயர் இருந்தால் வேலை தொடரும். இல்லாவிட்டால் விசா ரத்து, ஊருக்கு டிக்கெட். இரண்டையும் தயாரிக்கும் பொறுப்பை மேலாளர் ராகவன் சார் என்னிடம் கொடுத்தார்.

இரண்டு வாரம் ஸ்டிக்கர் சுருளும் கையுமாக அலைந்தேன். கேரம் போர்டு, ஹார்மோனியம், நூலகத்து ஏணி, கண்ணில் பட்டதற்கெல்லாம் ஓர் எண் ஒட்டினேன். அப்பாவின் கழுத்தில் தொங்கிய விசிலைக்கூட விடவில்லை.

"இதுக்குமா மக்களே?" என்றார். எங்கள் ஊரில் பெற்ற பிள்ளை ஒருத்தியைக் கூப்பிடவும் 'மக்களே'தான்.

"அது ஆபீஸ் சொத்துப்பா. லிஸ்ட்ல இல்லாதது உலகத்துலயே இல்லன்னு அர்த்தம்."

விசிலின் எண் 214. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார்.

ஆட்கள் பட்டியலில்தான் என் நேர்மை விளையாடியது. "சார், எங்கப்பா பேரை நானே எழுதினா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. ஏழாவது வரியைக் காலியா விட்டிருக்கேன். நீங்களே எழுதிடுங்க" என்றேன். சார் நெகிழ்ந்துபோனார். நெகிழ்ந்ததோடு சரி, எழுத மறந்துவிட்டார்.

அச்சடிக்கும் நாளில் பார்க்கிறேன், நடுவில் ஒரு வரி காலி. பல் விழுந்த வாய் மாதிரி அசிங்கமாக இருந்தது. அழித்தேன். கீழே இருந்த பெயர்கள் மேலே ஏறிக்கொண்டன. ஒன்பது பெயர்கள், ஒழுங்கான வரிசை. (அந்த வரி ஏன் காலியாக இருந்தது என்று யோசிக்கவில்லையா என்பீர்கள். பட்டம் வாங்கியவள் அதையும் யோசிக்க வேண்டுமா?) இரு தரப்பாரும் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை விழுந்தது.

பட்டியல் ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. எல்லாரும் விரலை ஓட்டித் தங்கள் பெயரைத் தேடினார்கள். அப்பா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, படம் பார்ப்பதுபோல் நின்றார்.

"பாத்தாச்சா அண்ணாச்சி?" என்று யாரோ கேட்டார்கள்.

"எம் மவ அடிச்சது. இல்லாமலா போவும்?"

பின்னால் நின்று கேட்ட எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஒப்படைப்பு விழா கலையரங்கத்தில் நடந்தது. ராகவன் சார் பெயர்களை வாசிக்க, அறக்கட்டளைத் தலைவி மீனாட்சி மேடம் ஒவ்வொருவருக்கும் புது அடையாள அட்டை கொடுத்தார். ஈஸ்டருக்கு எடுத்த சட்டையில், கழுத்தில் விசிலோடு அப்பா. பக்கத்தில் பட்டுச்சேலையில் அம்மா. ஒன்பது பேரும் வாங்கி முடித்தார்கள். பாதி எழுந்திருந்த அப்பா அப்படியே நின்றார். எல்லாரும் கைதட்டியதால் அவரும் தட்டினார்.

"ஏட்டி, அப்பா பேரு எங்க?" என்றாள் அம்மா.

அப்போதுதான் அந்த ஏழாவது வரி என் கண்முன் வந்து நின்றது.

"அழிச்சிட்டேம்மா."

"எதை?"

"அப்பாவை."

மேடைக்கு ஓடினேன். ராகவன் சார் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மீனாட்சி மேடம் காகிதத்தைப் புரட்டினார். "கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சேம்மா. லிஸ்ட்ல இல்லாதவரை நாங்க எப்படி எடுத்துக்கறது?"

நான் ஊரெல்லாம் ஓதிய அதே வேதம். அப்பாவின் விசாவில்தான் அம்மா இருந்தாள், நானும் இருந்தேன். ஒரே தட்டில் மூன்று பேரை அழித்திருந்தேன். மேடையிலேயே அழ ஆரம்பித்தேன்.

அப்பா மெதுவாக மேடை ஏறி வந்தார். விசிலை நீட்டினார்.

"அம்மா, இது இருநூத்திப் பதினாலு. இது உங்க லிஸ்ட்ல இருக்குல்லா?"

மேடம் பார்த்தார். "இருக்கு."

"அப்ப இத ஊத ஒரு ஆளு வேணும்லா?"

சொல்லிவிட்டு ஊதினார், பலமாக. அரங்கில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் அத்தனை பேரும், குளத்தில் பழகிய பழக்கத்தில், சட்டென்று ஓடிப்போய்ச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஒருவன் மூக்கைக்கூடப் பிடித்திருந்தான்.

அரங்கமே சிரித்தது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொருட்கள் பட்டியலை எடுத்து, 214க்கு நேராகப் பேனாவால் எழுதினார்: 'விசில், ஊதுபவருடன்.' ராகவன் சார் அவசரமாக அதில் கையெழுத்திட்டார். அப்பா பெருவிரலைப் பதித்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் பொருட்களைச் சரிபார்க்க வருபவர், கேரம் போர்டுக்கும் ஹார்மோனியத்துக்கும் டிக் போட்டுவிட்டு, குளத்துக்கு வந்து அப்பாவுக்கும் ஒரு டிக் போட்டுவிட்டுப் போவார். வீட்டில் நான் மளிகைப் பட்டியல் எழுத உட்கார்ந்தாலே அப்பா எட்டிப்பார்ப்பார். "மக்களே, இதுலயாவது நான் இருக்கேனா?"

என் கல்யாணப் பத்திரிகையை நானே தட்டச்சு செய்தேன். அப்பா பெயர் இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தேன். இருந்தது, பெரிய எழுத்தில். ஐந்நூறு பத்திரிகைகள் அச்சாகி வந்தபிறகு, அம்மா ஒன்றை எடுத்து என் தம்பியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். முழுவதும் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏட்டி, எனக்கும் ஒரு விசில் வாங்கித் தா."