பிளம் பறிக்கப் போகாத கார்

இந்த வருஷம் ஒரு பிளம் பழத்தைக்கூடத் தொடுவதில்லை என்று மிலுட்டின் முடிவு செய்துவிட்டார். சவரம் செய்துகொண்டிருக்கும்போது, பாதி முகத்தில் நுரையோடு, கண்ணாடியைப் பார்த்து எடுத்த முடிவு. அதனால் மாற்ற முடியாது.

பதினாலு வருஷமாக ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர் மச்சான் வுக்காஷினின் தோப்புக்குப் போய் மரத்தை உலுக்கி, பழம் பொறுக்கி, கொட்டை எடுத்து, அண்டாவில் ஜாம் கிண்டியிருக்கிறார். கிண்டுவது மட்டும் எட்டு மணி நேரம். வுக்காஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மாப்பிள்ளை, இன்னும் வேகமா" என்பார். அவர் பங்கு வேலை அதுதான்.

இந்த வருஷம் பிளம் ஞாயிறும் மொராவா ஆற்று மீன்பிடிப் போட்டியும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. ஜோடி ஜோடியாகத்தான் போட்டி. மிலுட்டினின் ஜோடி ஒஸ்தோயா. போன வருஷம் இரண்டு பேரும் அரைக் கிலோவில் கோப்பையைக் கோட்டை விட்டார்கள். அதை நினைத்தால் மிலுட்டினுக்கு இன்னும் சோறு இறங்காது. மனைவி தெசன்காவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கிற தைரியம் இருந்திருந்தால் காரில் கை வைத்திருக்க மாட்டார்.

கார் முப்பத்தொரு வயதுக் கிழம். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட குட்டி விளக்கு சிவப்பாக எரியும், எஞ்சின் ஓடியதும் அணையும். அந்த பல்பு வழியாகப் போகிற துளி மின்சாரம்தான் டைனமோவைத் தட்டி எழுப்புகிறது. பல்பு இல்லாவிட்டால் டைனமோ சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு வேலையும் செய்யாது, வுக்காஷினைப் போல.

புதன்கிழமை மிலுட்டின் அந்த பல்பைக் கழற்றினார். எரிகிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு, தூண்டில் முள் டப்பாவுக்குள் போட்டு மூடினார். திட்டம் சுத்தமானது. வெள்ளிக்குள் பேட்டரி காலியாகும். ஞாயிறு காலை தெசன்கா முதல் பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போவாள். பல்பை மாட்டி, பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பினால் நேரே ஆறு.

சொல்லி வைத்த மாதிரி வெள்ளிக்கிழமை கார் "டக்" என்றது. அதற்கு மேல் பேசவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"பேட்டரி இறங்கிடுச்சு. சார்ஜ் ஏறல."

"ஏன் ஏறல?"

"பழைய வண்டி. ஆயிரம் காரணம் இருக்கும்."

"ஆயிரத்துல ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

"பெல்ட் தளர்ந்திருக்கலாம். கார்பன் தேஞ்சிருக்கலாம். எர்த்து வயர்ல துரு பிடிச்சிருக்கலாம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுக்கு?"

மிலுட்டின் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். அதற்கும் ஒத்திகை பார்த்திருந்தார்.

"நீ மட்டும் பஸ்ல போயிட்டு வா. நான் இங்க கிடந்து இதோட மல்லுக்கட்டுறேன்."

"பாவம், ஞாயித்துக்கிழமைகூட உங்களுக்கு ஓய்வில்ல," என்றாள் தெசன்கா. அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

சனிக்கிழமை அவள் சந்தைக்குப் போன நேரத்தில் ஒரு சோதனை ஓட்டம் பார்க்கலாம் என்று பல்பை எடுத்து மாட்டினார். சாவியைத் திருப்பினார். விளக்கு எரியவில்லை. கேபிள் போட்டுக் கிளப்பினார். கேபிளை எடுத்ததும் எஞ்சின் இரண்டு இருமல் இருமிப் படுத்துக்கொண்டது.

பல்பு நல்ல பல்பு. அவரே எரிய வைத்துப் பார்த்தது. ஆகவே கோளாறு வயரில். வயரைத் தலையிலிருந்து வால்வரை தடவினார், நன்றாகவே இருந்தது. பெல்ட்டை அழுத்தினார், விறைப்பாக இருந்தது. பதினாறு ஃபியூஸையும் பிடுங்கித் துடைத்து மாட்டினார். எர்த்தைச் சுரண்டினார். சந்தேகத்தின் பேரில் இரண்டு வயரை மாற்றிச் செருகி, மறுபடி கேபிள் போட்டுப் பார்த்தார். ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடியது. பொய்யாகச் சொன்ன வியாதி நிஜமாகவே வந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. நாளைக்கு ஒஸ்தோயா காத்திருப்பானே என்று மறுபடியும் முதல் ஃபியூஸிலிருந்து ஆரம்பித்தார்.

"இன்னும் முடியலையா?" தெசன்கா கூடையோடு பின்னால் நின்றாள்.

"டைனமோ சுத்துது, மின்சாரம் வரல. வயர் இருக்கு, எர்த்து இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா இல்ல."

"எதுக்குங்க இவ்வளவு அவசரம்? நான்தான் பஸ்ல போறேனே. கார் எங்கயும் போக வேண்டியதில்லையே."

"ஒரு... பிடிவாதம்தான்."

"பல்பு கில்பு போயிருக்குமோ?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பல்பு நல்லா இருக்கு."

"கழட்டிப் பார்த்தீங்களா?"

"நான் எதுக்குக் கழட்டப் போறேன்? அதைப் போய் யாராவது கழட்டுவாங்களா?"

"அதானே," என்றாள் தெசன்கா. "உங்க அவஸ்தையைப் பார்க்க முடியாம அண்ணனுக்கு ஃபோன் பண்ணிட்டேன். காலையில டிராக்டரோட வர்றாரு. தோப்புல வெச்சுப் பார்த்துக்கலாம்."

ஞாயிறு காலை மிலுட்டின் தன் காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, டிராக்டரின் கயிற்றுக்குப் பின்னால் ஊர் நடுவே ஊர்வலம் போனார். டிராக்டரில் அண்ணன் பக்கத்தில் தெசன்கா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். காப்பிக்கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாலத்தருகே ஒஸ்தோயா இரண்டு தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தான். மிலுட்டின் கையை விரித்துக் காட்டினார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மிலுட்டினுக்கும் புரியவில்லை.

தோப்பில் இறங்கியதும் தெசன்கா அவர் கையில் ஜாம் கிண்டும் துடுப்பைக் கொடுத்தாள். அவர் அண்டா முன்னால் நின்றார். வுக்காஷின் பானெட்டுக்குள் தலையை விட்டார். சற்று நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது, பிறகு தூரத்தில் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குத் தெசன்கா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கார் ஓடுதா?"

"ஜம்முனு ஓடுது."

"என்ன கோளாறாம்?"

"பல்பு."

"அது நல்ல பல்பாச்சே..."

"நல்ல பல்பு என் பையில இருந்துச்சுங்க. முள் டப்பாவில நான் போட்டு வெச்சது ஃபியூஸ் போனது. பதினாலு வருஷமா பக்கத்து சீட்ல உக்கார்றேன், வியாழக்கிழமை அந்த விளக்கு எரியாதது எனக்குத் தெரியாதா?"

மிலுட்டின் அண்டாவையே பார்த்துக் கிண்டினார். காது சிவந்தது. தோள் கழன்றுவிடும்போல் இருந்தது.

"சரி, தப்புதான். உங்கண்ணனை வந்து ஒரு அரை மணி நேரம் கை மாத்தச் சொல்லு."

"அவர் எங்க இருக்காரு? வண்டி ஓடுதான்னு பார்க்கப் பாலம் வரைக்கும் போனாரு. அங்க ஒஸ்தோயா ஜோடி இல்லாம முழிச்சிட்டிருந்தானாம்."

துடுப்பு நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கோப்பைக்கு அண்ணி அலமாரியில இடம் ஒதுக்கிட்டாங்க."