பப்பாளி மரத்தில் மாட்டிய செருப்பு

பிள்ளைகளே, 'என் குறி தப்பாது' என்று எவனாவது மார்தட்டினால் அவன் பக்கத்தில் நிற்காதீர்கள். அப்படி மார்தட்டியவன்தான் உங்கள் அப்பா.

உங்க அம்மாவைப் பெண் பார்க்க நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தோம், நானும் உங்க பெரியப்பாவும். சுரங்கத்தில் அப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருந்தேன். (தலைக்கனமும் கூடவே பர்மனென்ட்.) காப்பி குடித்ததும் உங்க தாத்தா தோட்டத்தைக் காட்டினார். மரத்து உச்சியில் ஒரு பப்பாளிப் பழம்.

"தொரட்டி ஒடிஞ்சு போச்சுங்க. அதான் பறிக்கல."

"தொரட்டி எதுக்குங்க மாமா? ஒரே எறி!"

(மாமாவாம்! இன்னும் சம்மதமே சொல்லவில்லை.)

அடுப்புக்குக் காயவைத்திருந்த நிலக்கரிக் கட்டி ஒன்றை வீசினேன். சரியாகப் பழத்தின் மேலேயே பட்டது. பழம் அசையவில்லை. கட்டிதான் பொடிப்பொடியாகி, கீழே உங்க ஆயா காயப்போட்டிருந்த வடகத்தில் கொட்டியது. எறிந்த வேகமெல்லாம் தன்னையே உடைத்துக்கொள்ளச் செலவு! ஈரத்தில் கனக்கும் நம்ம ஊர்க் கரி, காய்ந்தால் உதிரும் என்பது சுரங்கக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். ஜன்னலில் உங்க அம்மா நின்றதால் மறந்துபோனது.

அடுத்தது கூழாங்கல். சின்னது, கெட்டி. அது பழத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போய், மிச்ச வேகத்தைப் பின்வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குத் தானம் செய்தது.

"எவன்யா அது?" என்று அங்கிருந்து ஒரு குரல்.

"யாருன்னு தெரியலீங்க!" என்றார் தாத்தா, என்னைப் பார்த்துக்கொண்டே.

சம்பந்தம் கைநழுவுவது அப்போதே தெரிந்தது. இனி எறிவது உடையவும் கூடாது, பழத்தைக் கிழிக்கவும் கூடாது; அகலமாக மோதித் தள்ளவேண்டும். யோசித்தேன். காலில் டயர் செருப்பு! கழற்றி வீசினேன். அது பப்பாளி இலைக்காம்புகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது.

"கிளம்புடா, இன்னொண்ணாவது மிஞ்சட்டும்" என்று பெரியப்பா என்னை இழுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் தூக்கமில்லை. பிறகு ஆள் வந்தது: "செருப்பை வந்து வாங்கிக்கச் சொன்னாங்க. அப்படியே நாளும் குறிச்சிடலாமாம்."

சம்மதம் சொன்னது உங்க அம்மாதான். தாத்தாவிடம், "வாய்தான்ப்பா பெருசு. இவரு எறிஞ்சா பப்பாளிக்கே வலிக்கல, எனக்கா வலிக்கப்போவுது?" என்றாளாம்.

இன்றும் நான் கோபமாகக் கத்தினால் அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்.

"பயப்படாதீங்கடா, காஞ்ச கரிதான். தானே உதிர்ந்துடும்."

நீங்களும் சிரிக்கிறீர்கள்.