வராத வைஃபையும் பெய்யாத மழையும்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
வெள்ளிக்கிழமை, இரவு பதினொன்றரை.

என் அன்புக்கும் இப்போதைக்கு என் கடைசி நம்பிக்கைக்கும் உரிய பேச்சி சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் அனுசியா பணிந்து எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னுடைய சௌக்கியம் மட்டும் நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி வரைக்கும்தான் செல்லும். அதற்கு மேல் அதை நீட்டித்துத் தர உங்களால் மட்டுமே முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்பாவின் போன் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அம்மாவின் பட்டன் போனில் பேசினால் நான் சொல்வது வீட்டுக்குக் கேட்கும், நீங்கள் சொல்வது தெருவுக்கே கேட்கும். பக்கத்து வீட்டு ஏசம்மாள் அத்தை நாளைக் காலை ஆறு மணிக்கு மகனைப் பார்க்கக் கோயம்புத்தூர் கிளம்புகிறார். அம்மா அவரிடம் உங்களுக்கு அரைக்கிலோ பால்கோவா கொடுத்து அனுப்புகிறாள். அதே பையில், துண்டில் சுற்றிய உங்கள் நெட்புக்கும் இந்தக் கடிதமும் வரும். அடுப்படியில் உட்கார்ந்து அந்த நெட்புக்கின் திரை வெளிச்சத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரத்தில் அது எனக்கு உருப்படியாகச் செய்து கொடுத்த வேலை இந்த வெளிச்சம் ஒன்றுதான்.

சித்திரை லீவில் நீங்கள் வந்தபோது, பிளஸ் டூவில் அரசாங்கம் உங்களுக்குக் கொடுத்த அந்தச் சின்ன லேப்டாப்பை, இந்த நெட்புக்கை, என் கையில் கொடுத்தீர்கள். விண்டோஸ் போட்டால் அதற்கு மூச்சு வாங்குகிறது, அதனால் லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டிருக்கிறேன், வைஃபை மட்டும் வரவில்லை, டிரைவர் பிரச்சினைதான், நீயே நோண்டிச் சரி செய், அப்போதுதான் கற்றுக்கொள்வாய் என்றீர்கள். நான் உடனே தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் வந்த துன்பங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் பெரும்பாலும் நான் உடனே தலையாட்டிய இடத்தில்தான் தொடங்குகின்றன.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம், பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப்தான் எடுப்பேன், அது எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு நான் பயாலஜி எடுத்து நர்ஸ் ஆக வேண்டும். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அக்கா பஞ்சை நனைக்கும்போதே மயங்கி விழுந்தவள் நான். அது அவருக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. அவர் ராஜபாளையத்து மில்லில் இருபது வருஷமாக ஃபிட்டர் இல்லையா, எதையும் ஓட்டிப் பார்த்துத்தான் நம்புவார். "மில்லுக்கு ஒருத்தன் ஃபிட்டர்னு சொல்லிக்கிட்டு வந்தா, ஓடாத மெசினக் காட்டி ஓட்டுலேம்பேன். ஓடுனா வேல. உனக்கும் அதான். அந்தப் பொட்டியில வயரு இல்லாம நெட்டு வர வையி, கம்ப்யூட்டர் எடுத்துக்கோ. வரலைன்னா வாயப் பொத்திக்கிட்டு நர்சு" என்றார். குரூப் ஃபாரத்தில் அவர் வருகிற திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். அப்போது மூன்று வாரம் இருந்தது. மூன்று மணி நேரம் போதும் என்று நான் சொன்னதாக அம்மா இப்போது சொல்கிறாள். சொல்லியிருப்பேன்.

முதல் வாரம் முழுக்க எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. வைஃபை கார்டு வேலை செய்ய டிரைவர் என்று ஒரு ஃபைல் வேண்டும், அந்த ஃபைல் இன்டர்நெட்டில் இருக்கிறது, இன்டர்நெட் வர வைஃபை வேண்டும். பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்தவர்களைப் பற்றி இரண்டு நாள் யோசித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கு, ஏசம்மாள் அத்தையின் கணவர் ஜேசுதாசன் மாமாவிடம் போனேன். அவர்கள் வீட்டில் நெட் இருக்கிறது. வயரைச் செருகி இறக்கிக்கொள்ளலாம் என்று திட்டம். ஆனால் பேரப்பிள்ளைகள் தொடக்கூடாது என்று அந்த மோடத்தை மாமா வாசல் நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறார். என்னிடம் இருந்த வயர் இரண்டடி. உங்கள் நெட்புக்கின் பேட்டரி செத்துப்போய்விட்டதால் சார்ஜர் வயரும் செருகியே இருக்க வேண்டும். ஆகவே ஒரு முக்காலி போட்டு ஏறி, நெட்புக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு வயரும் கீழே ஒரு வயருமாக நிலைப்படியில் நின்றேன். பதினெட்டு நிமிடம் ஆகும் என்று திரை காட்டியது. நாலாவது நிமிடத்தில் அவர்கள் வீட்டில் மாலை ஜெபத்துக்கு எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் வயரைப் பிடுங்கப் போனேன். "எறங்காதட்டி, அப்படியே நில்லு. கண்ண மட்டும் மூடிக்கோ" என்றார் ஏசம்மாள் அத்தை. கண்ணை மூடினால் முக்காலி ஆடுகிறது, திறந்தால் மாமா பார்க்கிறார். கடைசியில் மாமா ஊருக்காகவும் மழைக்காகவும் ஜெபித்துவிட்டு, உயரத்தில் நிற்கிற இந்தப் பிள்ளையையும் அவள் கையில் இருக்கிற பெட்டியையும் ஆசீர்வதியும் என்று முடித்தார். நானும் பலமாக ஆமென் சொன்னேன். கை வலியில் அதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. ஜெபம் முடிந்தும் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்ததால், முக்காலி மேல் நிற்கிறவள் சும்மா நிற்பானேன் என்று ஊர் வானிலைப் பக்கம் ஒன்றையும் இறக்கிச் சேமித்துக்கொண்டேன். அந்த அதிகப்பிரசங்கித்தனம்தான் என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

ஃபைலைப் போட்டேன். ரஃப் நோட்டில் எழுதி வைத்திருந்த கட்டளைகளை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். கார்டு இருக்கிறது, நலமாக இருக்கிறது, ஆனால் ஹார்டு பிளாக், அதாவது கெட்டியான அடைப்பு, ஆகியிருக்கிறது என்று பதில் வந்தது. எனக்குத் தெரிந்த அடைப்பு சாக்கடை அடைப்புதான். அடைத்தால் மூடியைத் திறக்க வேண்டும். அப்பாவின் ஸ்பேனர்கள் எல்லாம் மில் மெஷினைக் கழற்றுகிற அளவில் இருப்பதால், அம்மாவின் தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பதின்மூன்று திருகாணி சுலபமாக வந்தது. பதினான்காவது, அரசாங்கம் ஒட்டிய கோபுர முத்திரை ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது. அரசாங்கச் சொத்தைத் திறந்தால் கேஸ் போடுவார்கள் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் கிழித்தேன். வேறு ஊர்க்காரிக்கு அது வெறும் ஸ்டிக்கர். எனக்கு, நிமிர்ந்தால் ஜன்னலில் அதே கோபுரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. ட்யூஷனுக்குப் போகும்போதும் பார்க்கிறது, கடைக்குப் போகும்போதும் பார்க்கிறது. இரண்டு நாள் மாட வீதியைச் சுற்றாமல் சந்து வழியாகவே போனேன். சந்திலும் அது தெரிகிறது, சித்தி. நம் ஊரில் அது தெரியாத சந்து இல்லை.

உள்ளே கார்டை எடுத்து, அதன் பல்லையெல்லாம் அழிரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். மூடியபோது பன்னிரண்டு திருகாணிக்குத்தான் இடம் கிடைத்தது. மிச்சம் இரண்டும் தையல் மெஷின் டிராயரில் பத்திரமாக இருக்கின்றன. திரையில் அதே பதில்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மாலை அப்பா வேலை விட்டு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, நெட்டு வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்துவிட்டது என்று வாய் சொன்னது. சேமித்து வைத்திருந்த வானிலைப் பக்கத்தைத் திறந்து, தேதி இருக்கும் வரியை மேலே தள்ளி மறைத்துவிட்டு, காட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூர், அடுத்த இருபத்து நாலு மணி நேரத்தில் இடியுடன் கூடிய மழை. அப்பா நெட்புக்கைத் தூக்கி அடியில் பார்த்தார். சார்ஜர் வயரைப் பிடித்துக்கொண்டு போய் அது சுவரில் முடிவதைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

புதன்கிழமை அவர் குடையோடு மில்லுக்குப் போனார். வெயில் தோலை உரித்தது. வியாழக்கிழமை கிளம்பும்போது, இன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். என்னிடம் இருப்பது ஒரே பக்கம். அதையே காட்டினேன். மறுபடியும் குடை. மில் வாசலில், அப்பாவோடு வேலை பார்க்கும் பேச்சிமுத்து அண்ணாச்சி அவரிடம், "ஏலே ஐயாதுரை, மேகம் ஒங்க வீட்டுக்கு மட்டும் தனியா தாக்கல் சொல்லி அனுப்புதோ" என்று கேட்டாராம். எம் மக நெட்டில் பார்த்துச் சொன்னாள், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்று அப்பா எனக்காகச் சண்டை போட்டிருக்கிறார். இன்று வெள்ளிக்கிழமை, அவர் கேட்கவே இல்லை, குடையைத் தானே எடுத்துக்கொண்டார். கேட்டிருந்தால் இன்றாவது உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். என்னை எனக்குத் தெரியும், சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தச் சண்டையின் முடிவில்தான் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வந்தது. அண்ணாச்சி தன் மகளுக்கு எந்தக் காலேஜ் நல்லது என்று உங்களிடம் கேட்க வேண்டுமாம். வயர் இல்லாத நெட்டில் உங்களை முகம் பார்த்துப் பேச வைக்கிறேன், நேரில் வந்து பார் என்று அப்பா சவால் விட்டுவிட்டார். அம்மாவிடம் புதுச் சேலை கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நேற்று ராத்திரி அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "நாந்தான் அவள ஒண்ணுந் தெரியாத பிள்ளைன்னு நெனச்சிட்டேன், அய்யம்மா. மூணு வாரத்துல ஓட வச்சுட்டா பாரு" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நர்ஸ் ஆவது பற்றிக்கூட இவ்வளவு பயம் இல்லை, சித்தி. மயங்கி மயங்கி எழுந்து படித்துவிடுவேன். அண்ணாச்சி முன்னால் அப்பா அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அதற்குத்தான் பயப்படுகிறேன்.

ஆகையால் நெட்புக்கை உங்களிடம் அனுப்புகிறேன். நாளை ராத்திரிக்குள் எப்படியாவது வைஃபையை வர வைத்து, ஞாயிறு காலை ஏசம்மாள் அத்தை திரும்பும்போது கொடுத்துவிடுங்கள். நீங்கள் சாஃப்ட்வேர் இன்ஜினியர், உங்களுக்கு இது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. முடியாவிட்டால், ஞாயிறு மதியமே அப்பாவைக் கூப்பிட்டுக் கோயம்புத்தூர் முழுக்க நெட் இல்லை என்று சொல்லிவிடுங்கள். பொய் சொல்லச் சொல்வதற்கு மன்னிக்கவும். இதில் எனக்கு இப்போது கொஞ்சம் அனுபவம் வந்துவிட்டது, முதல் பொய் மட்டும்தான் கஷ்டம்.

உங்கள் ஹாஸ்டல் அக்காமார்களுக்கு என் வணக்கம். பால்கோவாவில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று அம்மா சொல்லச் சொன்னாள். உங்கள் ஆசி இந்தச் சமயத்தில் பார்சலில் வந்தாலும் பெற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும்,

தங்கள் கீழ்ப்படிந்த அக்கா மகள்,
அனுசியா.

பின்குறிப்பு: விடிகாலை ஐந்தே முக்கால். நெட்புக் வராது, பால்கோவா மட்டும் வரும். அம்மா ஐந்து மணிக்கு எழுந்துவிட்டாள். துண்டு மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, வெளியூருக்குப் போற சாமான இப்படியா அழுக்கோட அனுப்புவ" என்று மடியில் வைத்துத் துடைக்கத் தொடங்கினாள். முன்பக்க விளிம்பில் ஒரு சந்தனப் பொட்டு, குங்குமத்தோடு, சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. கொண்டை ஊசியால் நெம்பினாள். ஒரே சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் அரிசி நீளத்துக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. அம்மா அதையும் அழுக்கு என்று நினைத்து ஊசியால் தள்ளினாள். நான் சார்ஜரை எடுத்துச் செருகி ஆன் செய்ததும் நீல விளக்கு எரிந்தது. ஹார்டு பிளாக் என்று திரை சொன்னது அந்தச் சுவிட்சைத்தான். நம் தெருவில் ஆறு வைஃபை இருக்கிறது, சித்தி. ஆறின் பெயரும் வரிசையாக வந்தது. ஜேசுதாசன் மாமா சொல்லி வைத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டதும், முக்காலி இல்லாமல், தரையில் உட்கார்ந்த இடத்தில் நெட் வந்தது. நான் அழுத அழுகையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மழைப் பொய்யை அப்பாவிடம் நீயே சொல்ல வேண்டும் என்கிறாள். சொல்வேன். திங்கட்கிழமை அவர் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்ட பேனாவை மூடியதும் சொல்வேன்.

இன்னொன்று. அந்தப் பொட்டைத் தான் வைக்கவில்லை என்று அம்மா சத்தியம் செய்கிறாள். "அது ஆயுத பூசைப் பொட்டுட்டி. இந்தப் பொட்டி நம்ம வீட்டுக்கு வந்ததே சித்திரையிலதான" என்றாள். அப்படியென்றால் ஆயுத பூஜை அன்று அது யார் மேஜையில் இருந்தது, வைஃபை எந்த மாதத்திலிருந்து வரவில்லை, டிரைவர் பிரச்சினை என்று யார் கண்டுபிடித்தது என்பதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. பெரியவர்களைப் பற்றி யோசிப்பது மரியாதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அப்பா உங்களைத் திரையில் கூப்பிடுவார். அண்ணாச்சியும் இருப்பார். இது மிகவும் சிக்கலான பழுது, எங்கள் ஆபீஸில்கூடப் பலரால் முடியாது, இந்தப் பிள்ளை கம்ப்யூட்டர் குரூப் எடுக்காவிட்டால் நாட்டுக்கே நஷ்டம் என்று நீங்கள் உங்கள் வாயால் சொன்னால் போதும். பெயர்ந்து விழுந்த சந்தனச் சில்லு என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. ஃபாரத்தில் கையெழுத்து விழுந்த மறுநாள் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன்.